பட்டறையா, பார்க்கா: எது தொழில்நுட்ப நிறுவனம்?

தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரை இன்று பெரும்பாலும் மென்பொருள் அலுவலகங்களே சுமந்து நிற்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகரில் அந்தப் பெயர் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கப் புகுந்தால் கணக்கு உதைக்கிறது. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை சுமார் 1,430 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. லேத் பட்டறை, அச்சு செய்யும் டூல் ரூம், முலாம் பூசும் கூடம், ரப்பர் வார்க்கும் சிற்றாலை என்று அடுத்தடுத்து நிற்கும் ஷெட்டுகளுக்கு நடுவே கண்ணாடி முகப்போடு ஐ.டி. பார்க்குகள் எழும்பியிருக்கின்றன. ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி கட்டுகிறார்கள். அதை ஒட்டிய பட்டாபிராமில் சுமார் 330 கோடி ரூபாய் செலவில் கட்டிய 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. பூந்தமல்லியில் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலுக்குப் பணிமனை அமைந்திருக்கிறது. இவற்றில் எது தொழில்நுட்ப நிறுவனம் என்று கேட்டால் பெரும்பாலோர் டைடல் பார்க்கைத்தான் காட்டுவார்கள். அப்படிக் காட்டுவதற்கு வலுவான காரணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கணினியை வைத்து வேலை செய்வதால் ஒரு நிறுவனம் தொழில்நுட்ப நிறுவனம் ஆகிவிடாது. இந்த அளவுகோல் ஒரு காலத்தில் செல்லுபடியாகியிருக்கலாம். இன்று வங்கியும் கணினியில் ஓடுகிறது, பால் பண்ணையும் கணினியில் ஓடுகிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறையில்கூட சி.என்.சி. லேத் கணினி நிரல்படிதான் இரும்பைக் கடைகிறது. எல்லோரும் பயன்படுத்தும் ஒன்றை வைத்து யாரையும் தனியே பிரித்தெடுக்க முடியாது. ஆகவே ஒரு நிறுவனம் எதைப் பயன்படுத்துகிறது என்பதைவிட, எதை உருவாக்குகிறது, எதற்குக் காசு வாங்குகிறது என்பதைப் பார்ப்பதே உருப்படியான வழி.

அரசுகளும் பங்குச் சந்தைகளும் இதற்கென்று சில பட்டியல்களை வைத்திருக்கின்றன. இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாடு நடைமுறையில் உள்ளது. சிறுதொழில் செய்பவர் உத்யம் பதிவுக்குப் போனால் இந்தப் பட்டியலிலிருந்துதான் தனக்குரிய குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் கணினி நிரலாக்கத்துக்கு ஒரு பிரிவு, உலோகப் பொருள்களுக்கு ஒரு பிரிவு, மோட்டார் வாகன உற்பத்திக்கு ஒரு பிரிவு உண்டு. 'தொழில்நுட்பம்' என்று தனிப் பிரிவு கிடையாது. பட்டியலைத் தயாரித்தவர்கள் நிதானமாக யோசித்துத்தான் விட்டிருக்க வேண்டும்.

பங்குச் சந்தைக்காரர்கள் அவ்வளவு நிதானமானவர்கள் அல்லர். எம்.எஸ்.சி.ஐ.யும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸும் 1999இல் சேர்ந்து உருவாக்கிய உலகத் தொழில் வகைப்பாட்டில் தகவல் தொழில்நுட்பம் தனித் துறை. ஆனால் அமேசானுக்கு அதில் இடமில்லை. அது நுகர்பொருள் துறையில் சில்லறை வணிகமாக இருக்கிறது. டெஸ்லா அதே துறையில் கார் கம்பெனியாக இருக்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டும் ஃபேஸ்புக்கும் 2018 செப்டம்பரில் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து தகவல் தொடர்புத் துறைக்கு மாற்றப்பட்டன. விசாவையும் மாஸ்டர்கார்டையும் 2023 மார்ச்சில் நிதித் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறர் வடிவமைத்த செல்போனை ஒப்பந்த முறையில் பூட்டித் தரும் ஆலைகளுக்கோ தகவல் தொழில்நுட்பத் துறைக்குள்ளேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உலகமே தொழில்நுட்ப ஜாம்பவான் என்று கொண்டாடும் கம்பெனி வெளியேயும், திருகாணி முடுக்கும் ஆலை உள்ளேயும் இருப்பது விநோதமாகத் தோன்றலாம். இந்தப் பட்டியல் வாடிக்கையாளர் எதற்குப் பணம் தருகிறார் என்பதை மட்டுமே பார்க்கிறது. அறிவு யாரிடம் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. விற்பனையிலோ மதிப்புக் கூட்டலிலோ எத்தனை பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது என்று பார்த்துத் தொழில்களை உயர் தொழில்நுட்பம், நடுத்தர உயர்வு, நடுத்தரத் தாழ்வு, தாழ்வு என்று அது அடுக்குகிறது. விமானம், மருந்து, கணினி, மின்னணுப் பொருள் மேல் தட்டில் வரும். மோட்டார் வாகனமும் இயந்திரங்களும் அதற்கு அடுத்த தட்டு. துணியும் உணவும் அடித்தட்டு. மூன்று முறைகளில் இதுவே விஷயத்துக்கு மிக நெருக்கமானது. குறை என்னவென்றால், இது தொழிலைத்தான் அளக்கிறது, நிறுவனத்தை அளப்பதில்லை. மேல் தட்டுத் தொழிலில் இருந்துகொண்டு ஒரு காசுகூட ஆராய்ச்சிக்குச் செலவழிக்காத கம்பெனியும் உண்டு. கீழ்த் தட்டில் இருந்துகொண்டு புதிது புதிதாகக் கண்டுபிடிக்கும் கம்பெனியும் உண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாதபடி இந்தப் பெயரில் பெரும் பணம் புரள்கிறது. மென்பொருளை ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த பிரதியைத் தருவதற்கு ஆகும் செலவு சொற்பம். அதனால் முதலீட்டாளர்கள் மென்பொருள் கம்பெனிக்கு அதன் வருமானத்தைப் போலப் பல மடங்கு விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அந்த விலைக்கு ஆசைப்பட்டு எவரும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவின் வீவொர்க் இதற்குப் பேர்போன உதாரணம். கட்டடங்களை நீண்ட கால வாடகைக்கு எடுத்து, மேசை மேசையாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவதே அதன் தொழில். 2019 தொடக்கத்தில் அதன் மதிப்பு 4,700 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பங்கு வெளியீட்டுக்காக அது தாக்கல் செய்த ஆவணத்தில் தொழில்நுட்பம் என்ற சொல் நூறு தடவைக்கு மேல் வந்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்த முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள். அடுத்த மாதமே பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

பெயரால் சட்டப் பொறுப்பும் மாறுகிறது. தாங்கள் வாடகைக் கார் நடத்தவில்லை, பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கும் தொழில்நுட்ப நிறுவனம்தான் என்று ஊபர் வெகு காலம் வாதிட்டது. அந்த வாதம் எடுபட்டால் டாக்ஸிக்கான உரிம விதிகள் அதைக் கட்டுப்படுத்தாது. பார்சலோனா டாக்ஸி ஓட்டுநர் சங்கம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பர் 20 அன்று தீர்ப்பளித்தது: ஊபர் தருவது போக்குவரத்துச் சேவை, அந்தத் துறையின் விதிகள் அதற்கும் பொருந்தும். இந்தியா 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி இத்தகைய நிறுவனங்களைத் திரட்டிகள் என்று தனியே வரையறுத்து, மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும் என்றது. ஆவடியிலிருந்து விமான நிலையம் போகக் காசு கொடுப்பவர் பயணத்துக்குக் கொடுக்கிறார், செயலிக்கு அல்ல. நீதிமன்றம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

பட்டியல்களையும் பலகைகளையும் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு நிறுவனத்தின் அறிவு எந்தப் படியில் நிற்கிறது என்பதே உண்மையான சோதனை. வாங்கிய இயந்திரத்தை இயக்கத் தெரிவது முதல் படி. பிறர் தந்த வரைபடத்தைப் பிசகாமல் பொருளாக்குவது அடுத்தது. வரைபடத்தைத் தானே போடுவது அதற்கும் மேல். அந்த அளவு ஏன் அந்த அளவாக இருக்கிறது, மாற்றினால் என்ன ஆகும் என்று அறிந்து, தேவை மாறும்போது பொருளையும் மாற்றித் தருவது உச்சி. மற்றவர் அறிவைப் பயன்படுத்துபவர், தன் அறிவை விற்பவர் என்ற பிரிவு இந்தப் படிகளுக்கு நடுவேதான் ஓடுகிறது. இந்தப் படிகள் அத்தனையையும் ஒரே ஊரில் காண வேண்டுமானால் ஆவடிக்குப் போகலாம்.

ஆவடிக்காரர்கள் டேங்க் ஃபேக்டரி என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்தில் உருவானது. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்த டாங்கியை உரிமத்தின் பேரில் இங்கே கட்டுவது திட்டம். விஜயந்தா என்று பெயரிட்ட அந்த டாங்கி 1965இல் ஆலையிலிருந்து வெளிவந்தது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. அதற்குப் பின் ரஷ்ய வடிவமைப்பான டி-72 வந்தது. 2001இல் டி-90க்கு ஒப்பந்தம் போட்டு, 2009இல் ஆவடியில் கட்டிய முதல் டி-90 ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. இவை எல்லாம் இரண்டாம் படி வேலை. அதற்காக அது எளிதான வேலை ஆகிவிடாது. நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் ஆயிரக்கணக்கான உதிரிகளை வேற்று மொழி வரைபடத்திலிருந்து செய்து பொருத்துவதற்குத் தேர்ந்த கைகள் வேண்டும். ஆனால் வரைபடம் தந்தவர் ஒரு பக்கத்தைத் தராமல் வைத்துக்கொண்டால் வேலை அங்கேயே நிற்கும். டி-90இன் பீரங்கிக் குழாய், கவசம் ஆகியவற்றின் நுட்பத்தைக் கைமாற்றுவதில் ஆண்டுக்கணக்காக இழுபறி நீடித்தது இதற்குச் சான்று.

உள்நாட்டுமயம் வேறு, சொந்தத் தொழில்நுட்பம் வேறு என்பதையும் ஆவடியிலேயே பார்க்கலாம். டி-72, டி-90 டாங்கிகளுக்கான இரண்டு வகை டீசல் எஞ்சின்களை வெளிநாட்டு உதிரி ஏதும் சேர்க்காமல் முழுக்க இங்கேயே செய்து, ஆவடி எஞ்சின் தொழிற்சாலை 2018 ஜூலையில் ராணுவத்திடம் ஒப்படைத்தது. அதுவரை ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த உதிரிகளுக்கு இங்கே மாற்றுச் செய்தது உண்மையான சாதனை. ஆனாலும் அந்த எஞ்சினின் மூலக் கணக்கு ரஷ்யாவில் போடப்பட்டது.

கணக்கை இங்கேயே போடுவதற்கென்று ஆவடியில் இருக்கும் இடம், பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் போர் வாகன ஆய்வகம். 1974இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் டாங்கி இங்கேதான் வடிவம் பெற்றது. அது ராணுவத்துக்குப் போய்ச் சேரப் பிடித்த முப்பது ஆண்டுகளில் கிண்டலுக்கும் வசவுக்கும் குறைவில்லை. 124 அர்ஜுன் டாங்கிகள் கட்டப்பட்டன. மேம்படுத்திய மார்க் 1ஏ வகையை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. கவசம் ஹைதராபாத் ஆய்வகத்தின் சொந்த உருவாக்கம். பீரங்கியும் உள்நாட்டு வடிவமைப்பு. 1,400 குதிரைத் திறன் எஞ்சினும் கியர் அமைப்புமோ ஜெர்மனியிலிருந்து வருபவை. ஒரே வண்டிக்குள் ஒரு பகுதி உச்சிப் படியிலும் இன்னொரு பகுதி வாங்கிப் பொருத்தும் நிலையிலும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. அந்தக் குறையைத் தீர்க்க ஆவடி ஆய்வகம் வடிவமைத்த 1,500 குதிரைத் திறன் எஞ்சின், 2024 மார்ச் 20 அன்று மைசூரில் பெமல் ஆலையின் சோதனைக் கூடத்தில் முதல் முறையாக ஓட்டிப் பார்க்கப்பட்டது. டாங்கி ஆலையும் எஞ்சின் ஆலையும் 2021 அக்டோபர் முதல் ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகம் என்ற அரசு கம்பெனியின் கீழ் இயங்குகின்றன. வடிவமைக்கும் ஆய்வகமோ இன்னும் டி.ஆர்.டி.ஓ. வசம்தான் இருக்கிறது. அறிவு ஓரிடத்திலும் ஆலை ஓரிடத்திலும் என்று பிரிந்து கிடப்பது ஆவடியின் பழைய சிக்கல்; கம்பெனியாக்கியதால் அது தீர்ந்துவிடவில்லை.

அம்பத்தூருக்குக் கிழக்கே பாடியில் கதை வேறு மாதிரி. 1960களில் டி.வி.எஸ். குடும்பத்தார் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வரிசையாக ஆலைகளைத் தொடங்கினார்கள். பெரும்பாலானவை பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து தொடங்கியவை. செய்தது போல்ட்டு, நட்டு, பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார். இவற்றைத் தொழில்நுட்பம் என்று சொல்லவே பலருக்கு நா எழாது.

ஆனால் ரேடியேட்டர் மூடியை எடுத்துக்கொள்ளலாம். கார் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதித்துவிடும். மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் ரப்பர் வளையத்தை அழுத்திப் பிடிப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குக்கரில் நடப்பதைப் போலவே கொதிநிலையும் ஏறுகிறது. வெளிக்காற்றுக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து நீரைப் பக்கத்து டப்பாவுக்கு அனுப்ப வேண்டும். எஞ்சின் ஆறியபின் உள்ளே வெற்றிடம் உண்டானால், மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து அதே நீரைத் திரும்ப இழுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு கொஞ்சம் கூடினால் குழாய் வெடிக்கும், குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். கையளவு மூடிதான். அதை லட்சக்கணக்கில் ஒன்றுபோல், மலிவாக, பத்தாண்டு வெயிலுக்கும் பனிக்கும் தாங்கும்படி செய்வதற்குள் உலோகம், ரப்பர், ஸ்பிரிங் மூன்றையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரேடியேட்டர் மூடி உற்பத்தி வரிசையை விற்க முன்வந்தபோது, சுந்தரம் ஃபாஸனர்ஸ் அந்த இயந்திரங்களை வாங்கிக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து, அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு மூடி அனுப்பத் தொடங்கியது. பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்த கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருது பாடிக்கு வந்தது. மூடியைக் கண்டுபிடித்தது பாடி அல்ல. அதை எப்படிப் பிழையில்லாமல் செய்வது என்ற அறிவுதான் பாடியில் வளர்ந்தது. அதுவும் தொழில்நுட்பமே, பொருளில் இல்லாமல் செய்முறையில் குடியிருக்கும் தொழில்நுட்பம்.

செய்முறை அறிவுக்கு ஜப்பான் தரும் உயர்ந்த விருது டெமிங் பரிசு. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் அதைப் பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். அந்தப் பிரிவின் பிற்காலம் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. அது தனி கம்பெனியாகப் பிரிந்து, அமெரிக்காவின் வாப்கோ கைக்குப் போனது. 2020இல் வாப்கோவையே ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கியது. அந்தப் பிரிவின் அம்பத்தூர் ஆலை அங்கேயேதான் இருக்கிறது. கனரக வாகனங்களுக்கான ஏ.பி.எஸ். பிரேக்குகளைச் செய்கிறது. மைய வடிவமைப்பு எங்கே நடக்கும், காப்புரிமை யார் பெயரில் இருக்கும், எந்தச் சந்தைக்கு எந்த ஆலை செய்யும் என்ற முடிவுகளை மட்டும் உரிமையாளர் எடுப்பார். திறமை ஊரில் இருந்தும் தொழில்நுட்பத்தின் உரிமை ஊரில் இல்லாமல் போவது இப்படித்தான்.

தொழிற்பேட்டையின் உட்சாலைகளில் பெரும்பகுதி ஜாப் ஒர்க் பட்டறைகள். பெரிய கம்பெனி மூலப்பொருளும் வரைபடமும் அனுப்பும். பட்டறை கடைந்து கொடுக்கும். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டுக்கு எதிரே ஹெச்6 என்று எழுதியிருந்தால், விட்டம் 25ஐத் தாண்டக் கூடாது, 13 மைக்ரானுக்கு மேல் குறையவும் கூடாது என்று பொருள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் 13 பங்கு. காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ஓர் அளவு வரும், மதியம் சூடேறியதும் இன்னோர் அளவு வரும். வெட்டும் முனையான இன்செர்ட் தேயத் தேய அளவு நகரும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த ஆபரேட்டர், பத்துப் பீஸுக்கு ஒரு முறை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து ஆஃப்செட்டைத் திருத்துவார். அனுபவப்பட்ட செட்டருக்கு வெட்டும் ஓசையிலேயே இன்செர்ட் மழுங்கியது தெரிந்துவிடும். இதில் நுட்பம் ஏராளம். ஆனால் பட்டறை பில் போடுவது இயந்திரம் ஓடிய மணிக் கணக்குக்கு. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய். வரைபடம் வாடிக்கையாளருடையது, அவர் வேறு பட்டறைக்குப் போனால் வேலையும் கூடவே போய்விடும்.

பட்டறைக்காரர் தானாகவே பீஸைப் பிடித்து நிறுத்தும் ஒரு ஃபிக்ஸ்சர் வடிவமைத்து, நான்கு தடவை பிடித்துக் கழற்ற வேண்டிய பீஸை ஒரே பிடியில் முடிக்கும்போது நிலைமை மாறுகிறது. அந்த யோசனை அவருடையது. பல பட்டறைகளில் இத்தகைய யோசனைகள் உண்டு. எழுதி வைக்கப்படுவதோ காப்புரிமை பெறுவதோ அபூர்வம். அடுத்த முறை விலை பேசும்போது வாங்குபவர் அந்த மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வார். அவரே சொந்தமாக ஒரு பம்ப்போ வால்வோ வடிவமைத்துத் தன் பெயரில் விற்கும் நாளில், பத்தே பேர் இருந்தாலும் அது தொழில்நுட்ப நிறுவனம்தான்.

இப்போது கண்ணாடிக் கட்டடத்துக்கு வரலாம். இந்திய ஐ.டி. துறையின் பெரும்பகுதி வேலை, வெளிநாட்டு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ மென்பொருள் எழுதிக் கொடுப்பதும், ஏற்கெனவே இருப்பதைப் பராமரிப்பதும், சோதித்துச் சொல்வதும். எழுதிய நிரல் வாடிக்கையாளருக்குச் சொந்தம். பில் பெரும்பாலும் பொறியாளரின் மணிக் கணக்குக்கு. வருமானம் கூட வேண்டுமானால் ஆள் கூட வேண்டும். ஜாப் ஒர்க் பட்டறையின் கணக்குப் புத்தகமும் ஐ.டி. சேவை நிறுவனத்தின் கணக்குப் புத்தகமும் அடிப்படையில் ஒன்றே. ஒன்றில் இயந்திர மணி, மற்றதில் மனித மணி. சம்பளமும் ஏ.சி.யும் வேறு, கட்டமைப்பு வேறல்ல. இதை இழிவாகச் சொல்வதற்கில்லை. லட்சக்கணக்கான குடும்பங்களை நடுத்தர வர்க்கத்துக்குத் தூக்கிவிட்ட தொழில் அது. தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரை அதற்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததுதான் பொருத்தமில்லாதது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுவலகங்கள் வைத்திருக்கும் ஹெச்.சி.எல். இந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்றிருக்கிறது. 1976இல் தொடங்கிய அந்த கம்பெனி 1978இலேயே சொந்தமாக ஒரு மைக்ரோ கணினியை வெளியிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் அது. பிறகு சேவைத் தொழிலே பிரதானமாகி, இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களோடு இயங்குகிறது. 2019இல் ஐ.பி.எம். கம்பெனியின் சில மென்பொருள்களை 180 கோடி டாலர் கொடுத்து வாங்கி, அவற்றைத் தன் தயாரிப்பாக விற்கிறது. சென்னையின் தெற்கே ஸோஹோ 1996இல் பிறந்த நாளிலிருந்து சொந்த மென்பொருளை மட்டுமே நம்பி வளர்ந்தது. இரண்டும் மென்பொருள் கம்பெனிகள்தான். பிழைப்பு மட்டும் வேறு வேறு.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் மின்னணு ஆலைகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை உலகின் பெரிய செல்போன் ஆலைகளுள் ஒன்றாக இருந்தது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். செல்போனின் நுட்பம் பின்லாந்தில் இருந்ததால் ஆலை போனதும் இங்கே ஒரு செல்போன் கம்பெனிகூட மிஞ்சவில்லை. பழகிய கைகளும் காலிக் கட்டடமும்தான் மிஞ்சின. அந்த வளாகத்தைப் பின்னர் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. உயர் தொழில்நுட்பப் பொருளைச் செய்யும் ஊர் என்பது வேறு, உயர் தொழில்நுட்பம் உள்ள ஊர் என்பது வேறு.

பூந்தமல்லி மெட்ரோவையும் இதே கண்ணால் பார்க்கலாம். கலங்கரை விளக்கம் வரை போகும் இந்தத் தடத்துக்கான ஓட்டுநரில்லா ரயில்களை ஆல்ஸ்டாம் ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி ஆலையில் செய்கிறது. சிக்னல் அமைப்பு ஹிட்டாச்சியுடையது. மெட்ரோ ரயில் நிறுவனம் இவற்றை வாங்கிப் பொருத்தி ஓட்டும் போக்குவரத்து நிறுவனம். கைபேசியில் டிக்கெட் எடுக்கும் வசதி அதைத் தொழில்நுட்ப நிறுவனமாக்காது. அது அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

ஒரு நிறுவனம் ஒரே படியில் நின்றுவிட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. சைக்கிளுக்குக் குழாய் வேண்டும் என்பதால் 1955இல் ஆவடியில் குழாய் ஆலை வந்தது. அந்தக் குழாய் பிற்பாடு கார்களுக்கும் பைக்குகளுக்கும் போனது. சைக்கிள் கம்பெனி துல்லிய உலோகக் கம்பெனியானது இப்படித்தான். 2020இல் அது வாங்கிய சி.ஜி. பவர், ஜப்பானின் ரெனெசாஸோடு சேர்ந்து குஜராத்தின் சானந்தில் சுமார் 7,600 கோடி ரூபாயில் சிப் பொதியும் ஆலை அமைக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டம் இது. சிப் பொதிவதில் எவ்வளவு அறிவு ஜப்பானிலிருந்து வரும், எவ்வளவு இங்கே ஊறும் என்பதைப் பொறுத்துத்தான் அந்த கம்பெனி ஏறும் படி அமையும். சிப் என்ற சொல் வந்ததாலேயே உச்சிக்குப் போய்விட்டதாக எழுதுவது அவசரம்.

வெளியிலிருந்து பார்ப்பவர் இதை ஓரளவு கணிக்க ஆண்டறிக்கையே போதும். ராயல்டி போகிறதா வருகிறதா, ஆராய்ச்சிச் செலவு விற்பனையில் எத்தனை சதவீதம், ஆள் கூடாமல் வருமானம் கூடுகிறதா என்பவை விளம்பரத்தைவிட நேர்மையாகப் பேசும். மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சித் துறை, கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கூடங்களை நேரில் பார்த்து அங்கீகரிக்கிறது. அந்த அங்கீகாரம் பெற்ற கூடத்துக்குச் செய்யும் செலவுக்கு ஒரு காலத்தில் இரு மடங்கு வரிக் கழிவு கிடைத்தது. 2017 ஏப்ரலில் அது ஒன்றரை மடங்காகி, 2020 ஏப்ரலிலிருந்து செலவழித்த தொகைக்கு மட்டும் என்றானது. 2020-21இல் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், அதிலும் தனியார் பங்கு பாதிக்கும் குறைவு. சலுகையைக் குறைத்த நேரம் பொருத்தமானதா என்ற கேள்வி நியாயமானதே.

தனியாரை ஆராய்ச்சிக்கு இழுக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் அதன் மையம். இதில் கேட்கப்படுவது கம்பெனி எந்தக் குறியீடு என்பதைவிட, குறிப்பிட்ட திட்டம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது. நாசா வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையிலான முதிர்ச்சி வரிசை இதற்கு அளவுகோல். அடிப்படைக் கொள்கை காகிதத்தில் இருந்தால் ஒன்று, ஆய்வகத்தில் வேலை செய்து காட்டினால் நான்கு, களத்தில் நிரூபிக்கப்பட்டுவிட்டால் ஒன்பது. நான்காம் நிலையைத் தொட்ட திட்டங்களுக்கே நிதி. கண்ணாடிக் கட்டடத்தில் எழுதிய மென்பொருளும், தொழிற்பேட்டை ஷெட்டில் உருவான வால்வும் அந்த வரிசையில் ஒரே அளவுகோலால் அளக்கப்படும்.